கல்லுக்கு அடியில் வளை தோண்டிய நண்டு

கயல்,

நீ பையை எடுத்துக்கொண்டு காலாப்பட்டில் உன் தோழியின் அறைக்குப் போனதிலிருந்து, தெருமுனையில் ஒரு வண்டி வேகம் குறைத்தாலே உன் அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறாள். நானும் வருகிறேன். வண்டி கடந்து போன பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே திரும்புகிறோம். வருவது நீயாக இருக்கும் என்ற ஆசை பாதி, வேறு யாராவதாக இருக்குமோ என்ற பயம் பாதி. போனில் கூப்பிட்டால் "சொல்லுப்பா" என்கிறாய். "சாப்டியா" என்கிறேன். அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. செய்தி எழுதியே பிழைத்தவன் நான். பேச வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊரே படிக்கும்படி ஏன் கொடுக்கிறேன் என்பதையும் சொல்கிறேன். வழக்கு நடக்கிறது என்பதால் இறந்துபோன அஞ்சலையம்மாவையும் உன்னையும் தவிர அதில் சம்பந்தப்பட்ட யார் பெயரையும் எழுதப்போவதில்லை.

நடந்ததை முதலில் வைத்துவிட்டுத்தான் எனக்கு மற்றதைப் பேச வரும். பழக்கம் அப்படி. அன்று வெள்ளிக்கிழமை. பூஜைக்குக் கனகாம்பரம் வாங்கி வரச் சொல்லி அம்மா உன்னைப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். பூவை வீட்டில் கொடுத்துவிட்டு, காலாப்பட்டில் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கு பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று நீ ஸ்கூட்டியில் போனாய். கரையோர ஊரிலிருந்து மீன் விற்க வரும் அஞ்சலையம்மா, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஒரு கார் அவர் மேல் மோதி நின்றது. ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்து ஓர் இளைஞன் இறங்கினான். நீ கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றான். பிறகு கூட்டத்துக்குள் நடந்து மறைந்துவிட்டான். நீ அஞ்சலையம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூடவே போனாய். வழியிலேயே அவர் இறந்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் "சுடிதார் பூரா மீன் வாசம்பா, துவைக்க மனசு வரல" என்று சொன்னாய். மறுபடி கிளம்பி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். என்னைக் கேட்காமல் போனாய். கேட்டிருந்தால் போக விட்டிருப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அந்த இளைஞன் இந்த ஊரில் எல்லோரும் கண்டதும் எழுந்து நிற்கும் ஒருவரின் மகன். வழக்கு அவன் மேல் இருப்பதற்கு நீ கொடுத்த வாக்குமூலம்தான் காரணம். இப்போது அந்த வீட்டு டிரைவர், காரை ஓட்டியது தான்தான் என்று சொல்கிறார். கடைகளின் கேமராவில் கார் தெரிகிறது, ஓட்டியவர் முகம் தெரியவில்லை. அன்று பார்த்தவர்கள் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். பூக்கடைக்காரருக்குத் திடீரென்று கண் சரியில்லை. மூட்டை தூக்குபவர் விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மீதி இருப்பது நீ. வரும் திங்கட்கிழமை நீ கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். வீட்டை விட்டுப் போகும்போது "நீதானப்பா நண்டு கதை சொன்ன" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாயே, அந்தக் கதைக்கு. சின்ன வயதில் உனக்கு அலைச் சத்தம் என்றால் பயம். கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, கரையோரம் கொட்டி வைத்திருக்கும் கறுப்புப் பாறைகளில் அலை மோதும் ஒவ்வொரு முறையும் என் கால்சட்டையைப் பிடித்துக்கொள்வாய். அதைப் போக்கத்தான் அந்தக் கதையைச் சொன்னேன். இந்த மாதிரிக் கதை எல்லா ஊரிலும் உண்டு. நான் அதை நம் ஊர்க் கரைக்கு இழுத்து வந்தேன், அவ்வளவுதான்.

ஒரு குட்டி நண்டு. மணலில் வளை தோண்டும், அலை வந்து மூடிவிட்டுப் போகும். மறுபடி தோண்டும், மறுபடி மூடும். அலுத்துப்போய், இருப்பதிலேயே பலசாலி யாரோ அவர் காலில் விழுந்துவிடுவது என்று நண்டு முடிவு செய்கிறது. அலையிடம் போய், "நீதானே இங்க பெரிய ஆளு, என் வளையை மட்டும் விட்டுடு" என்கிறது. அலை சொல்கிறது: "நானா பெரிய ஆளு? காத்து தள்ளுது, நான் வர்றேன். அது தள்ளலன்னா எனக்கு ஏது ஓட்டம்? காத்தைக் கண்டா எனக்குப் பயம்." நண்டு காற்றிடம் போகிறது. காற்று சொல்கிறது: "ஊரையெல்லாம் சாய்ச்சிடுவேன், இந்தக் கறுப்புக் கல்லை மட்டும் அசைக்க முடியல. மோதி மோதி எனக்குத்தான் அடி. அதைக் கண்டா எனக்குப் பயம்." நண்டு கல்லிடம் போய்க் காலைத் தேடுகிறது. கல்லுக்குக் கால் ஏது என்று நீ சிரிப்பாய், ஒவ்வொரு முறையும், அந்த இடத்தில். கல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறது: "வெளிய சொல்லாத. எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. யாரோ அடியில மணலைத் தோண்டறாங்க. தினமும் கொஞ்சம் சாயறேன். அது யாருன்னு தெரியல, அவனைக் கண்டாதான் எனக்குப் பயம்." நண்டு குனிந்து பார்க்கிறது. அடியில் இருப்பது தன்னுடைய பழைய வளை.

மற்றப் பிள்ளைகள் அங்கே கை தட்டுவார்கள். நீ தட்டவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்தக் கல்லு நண்டு மேலயே விழுந்துடாதா?" என்று கேட்டாய். வாயில் வந்ததைச் சொன்னேன். "விழாது. நண்டு வளைக்கு ரெண்டு வாசல். கல்லு இந்தப் பக்கம் சாஞ்சா அது அந்தப் பக்கம் ஓடிடும்" என்றேன். நீ நிம்மதியாகிவிட்டாய். அதன் பிறகு நான் அந்த வரியை விட்டுவிட்டால்கூட நீயே நினைவுபடுத்துவாய். "ரெண்டு வாசல் சொல்லுப்பா."

அந்தத் தட்டு நம் வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நான் வெளியே போயிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் பெரிய தாம்பாளத்தில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, பூச்சரம், பிரிக்காத பட்டுப்புடவை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "உங்க பொண்ணு விஷயமா வந்தோம்" என்றிருக்கிறார்கள். உன் ஜாதகத்தை ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கும் தாய் வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்? உட்கார வைத்தாள், காபி கொடுத்தாள், குங்குமம் கொடுத்தாள், இரண்டு கையாலும் தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் உள்ளே நுழையும்போது என்னை ஓரமாக இழுத்து, "நல்ல எடமாத் தெரியுது, முறைப்படி தட்டோட வந்திருக்காங்க" என்று கிசுகிசுத்தாள். பல வருடமாக அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நாற்காலியில் இருந்தவரை எனக்குத் தெரியும். அந்த இளைஞனின் அப்பா வீட்டு வராந்தாவில் யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்கலாம் என்று முடிவு செய்கிற ஆள்.

"அண்ணே, அண்ணி தட்டை வாங்கிட்டாங்க. மங்களகரமா முடிஞ்சிடுச்சு" என்றார்.

"என்ன முடிஞ்சிடுச்சு?"

"பாப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கூட்டமா இருந்துச்சு, சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். டவுன்லயே நிரந்தரமா ஒரு வேலை. காலாப்பட்டுக்கு பஸ்ல தொங்கிக்கிட்டுப் போற வேலையெல்லாம் எதுக்கு?"

உன் அம்மா சாமி படத்தின் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தாள். தட்டு வாங்குவது வாக்குக் கொடுப்பது என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரியும், தெரிந்துதான் தட்டோடு வந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே அந்த ஆள் சிரித்தபடி, "நண்டு கொழுத்தா வளையில தங்காதும்பாங்க. நம்ம பாப்பா அப்படிப்பட்ட பொண்ணு இல்ல" என்றார். பழமொழிதான், எல்லோரும் சொல்வதுதான். நம் வீட்டில் நண்டுக்கு ஒரு கதை இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அவர் படியிறங்கியதும் நான் கதவைத் தாழிட்டேன்.

சாயங்காலம் நீ வந்தாய். நான் உன்னிடம் பேசியதை இங்கே மாற்றாமல் எழுதுகிறேன். "சரியாத் தெரியலன்னு சொன்னா இன்னா குறைஞ்சிடும்? அது பொய்கூட இல்ல" என்றேன். "எனக்குத் தெரிஞ்சுதுப்பா. அவன் மூக்குக்குக் கீழ வேர்வை இருந்துச்சு, அதுகூடத் தெரிஞ்சுது" என்றாய். "அவங்க யாருன்னு உனக்குத் தெரியாது" என்றேன். "அஞ்சலையம்மா யாருன்னு தெரியும்" என்றாய். அப்போதுதான் நண்டு கதையை எடுத்தாய், நான் "கதைக்கும் கோர்ட்டுக்கும் இன்னாடி சம்பந்தம்" என்று கத்தினேன். அம்மா தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நீ அவளிடம், "ஆப்பிள் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்மா" என்றாய். வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம். அன்று நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், நியாயம் சொல்லவில்லை. சாட்சி சொல்ல வந்தவர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால் பத்திரிகையில் 'பிறழ் சாட்சி' என்று எழுதுவோம். எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். ஒருமுறை கோர்ட்டில் ஒரு பெண் கூண்டில் ஏறினார். வக்கீல் கேள்வி கேட்கிறார், அவர் வக்கீலைப் பார்க்கவில்லை, நீதிபதியைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் தலைகளுக்கு மேல் எதையோ பார்த்துக்கொண்டே "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். எதுவும் செய்யவில்லை. மிரட்டவில்லை, சைகை காட்டவில்லை. சும்மா, அந்தப் பெண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு கோர்ட்டுக்குள் நுழைந்தால் முதலில் கடைசி பெஞ்சைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அது காலியாக இருந்த நாட்கள் குறைவு.

நீ போன பிறகு அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "வாங்கினது நான். நானே குடுக்கறேன்" என்றாள். வேண்டாம், யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றேன். கேட்கவில்லை. பழங்கள் வாடத் தொடங்கியிருந்தன. தட்டைக் குறைவாகத் திருப்பக் கூடாது என்று பெரிய மார்க்கெட்டுக்குப் போய் அதே பழங்களைப் புதிதாக வாங்கி மாற்றினாள், வெற்றிலையை மாற்றினாள், பூச்சரத்தை மாற்றினாள். விபத்தன்று நீ நின்ற இடத்தைத் தாண்டித்தான் போய் வந்தாள். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். நகரின் நடுவே புல்வார்டு பகுதிக்குள் இருக்கும் அந்த வீட்டுக்குப் போனோம்.

அந்த வராந்தா எனக்குப் பழக்கம். அறிக்கை வாங்க, பேட்டி வாங்க, மறுப்பு வாங்க என்று என் பாதி வேலை நாட்களை அங்கே நின்று கழித்திருக்கிறேன். ஊரின் பலம் முழுக்க அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஒருநாளும் அங்கே யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. அன்று அந்த இளைஞனின் அப்பாவே வெளியே வந்தார். ஆள் யாரையும் கூப்பிடாமல் தன் கையால் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அம்மா உட்காரவில்லை. தட்டை டீப்பாயில் வைத்து, "கல்யாணத் தட்டுன்னு நெனச்சு வாங்கிட்டேங்க. தப்பு என்னுது. பழம் மாத்தி வெச்சிருக்கேன், புடவை பிரிக்கல" என்றாள்.

அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. "பொண்ணு வரலியா?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்கு."

"அவன் மூஞ்சிய அது நேராப் பாத்துதா? இல்ல, தெளிவாப் பாத்துதான்னு கேக்கறேன்."

பதிலுக்கு நிற்காமல், வேறு குரலில், "அது பயப்படுதாம்மா?" என்று உன் அம்மாவைக் கேட்டார்.

"நாங்க பயப்படறோங்க. அது எப்படின்னு எங்களுக்குத் தெரியல" என்றாள்.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சின்னச் சத்தம் கேட்டது, எங்கிருந்து என்று முதலில் புரியவில்லை. அவர் விரலில் இருந்த மோதிரம் நாற்காலிச் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. அவராகத் தட்டவில்லை. மைக் முன்னால் நின்று இந்த ஊரையே கலங்கடித்த ஆள். எத்தனையோ மேடைகளில் அந்தக் கையைக் கவனித்திருக்கிறேன். அது நடுங்கி நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து அம்மா, "ஏங்க, அந்தாளு பயப்படறாரு" என்றாள்.

"ஆமா."

"நம்ம பொண்ணப் பாத்தா?"

"ஆமா."

"அப்போ நமக்குப் பயமில்லதானே?"

"இப்பதான் பயம்" என்றேன்.

வண்டி முத்தியால்பேட்டையில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கும்போது அவள் கை என் சட்டையைப் பிடித்தபடியே இருந்தது.

இதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அந்த வாரம் வரைக்கும் உன்னைச் சின்னவள் என்றும் அவர்களைப் பெரியவர்கள் என்றும் நினைத்துப் பயந்தேன். ஆனால் பலம் இல்லாதவர்கள் வீட்டுக்கு யாரும் பட்டுப்புடவையோடு வருவதில்லை. பலம் உன்னிடம்தான் இருக்கிறது, நீ பார்த்த அந்த ஒரு முகத்தில் இருக்கிறது. அது எனக்கு இப்போது கண்ணால் பார்த்த உண்மை. பெருமையாக இருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் கூடியிருக்கிறது. அசையாத கல்லுக்குக் கீழே நண்டு நிம்மதியாக இருந்துவிடலாம். சாயத் தொடங்கிய கல்தான் ஆபத்து. சின்ன வயதில் இது உனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. எனக்குப் புரிய அந்த மோதிரச் சத்தம் தேவைப்பட்டது.

நேற்றுக் காலை கடற்கரைக்குப் போனேன். பாறைகளுக்கு இடையே மணல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து நண்டுகளைப் பார்த்தேன். ஒன்று என்னைக் கண்டு வளைக்குள் இறங்கியது. வேறு வாசலில் வருகிறதா என்று வெயில் ஏறும் வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. வேறு வாசல் இல்லையா, இருந்தும் அது வரவில்லையா, தெரியாது. தெரியாததை உறுதியாகச் சொல்லிவிட்டேன். எந்தச் செய்தியிலும் நான் செய்யாத காரியம் அது. அதை நம்பித்தான் நீ வளர்ந்திருக்கிறாய்.

அதனால் உனக்கு அந்த இரண்டாவது வாசலை இப்போதாவது தோண்டப் பார்க்கிறேன். தட்டு வந்ததையும் அந்த ஆள் சொன்னதையும் நாங்கள் திருப்பிக் கொடுத்ததையும் எழுதி, அஞ்சலையம்மா குடும்பத்து வக்கீல் மூலமாகக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறேன். அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை ஊர் படிக்கக் கொடுப்பதும் அதற்காகத்தான். என் தொழிலில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிட்ட ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் செய்து முடிப்பது கடினம். இது போதுமா என்றால், தெரியாது என்பதுதான் பதில்.

'சரியாத் தெரியல' என்று சொல்லச் சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பயப்படாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கோர்ட் வாசல் வரை வந்து உள்ளே போக உனக்குக் கால் வரவில்லை என்றால், நேராக வீட்டுக்கு வா. யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். அம்மா சுடுதண்ணி வைத்திருப்பாள்.

ஏறினால், ஒன்று மட்டும் தெரிந்துகொள். திங்கட்கிழமை கோர்ட் கதவைத் திறக்கும்போதே நானும் அம்மாவும் அங்கே இருப்போம். உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம், அவள் ஓர் ஓரம், நான் ஓர் ஓரம். நடுவில் என் பை, அவள் பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிடுவோம். யார் வந்து கேட்டாலும் ஆள் வருகிறார்கள் என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ கேள்விக்கு நடுவில் தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கே இரண்டு பயந்த முகம் தெரியும். நன்றாகப் பார்த்துக்கொள். அந்த பெஞ்சில் அன்றைக்கு வேறு யாருக்கும் இடம் இருக்காது.

அப்பா